மண்ணுக்கு மேலே இரண்டு முழம்

ஜந்தீரா தரையிறங்கும் நேரம் பார்த்து மெக்கானிக் அதெமீர் கைவேலையை நிறுத்திவிடுவார். கொஞ்ச நேரத்தில் 'டொம்' என்று ஒரு சத்தம் வரும். "வந்துட்டாங்கய்யா நம்ம மகராசி," என்று சொல்லிக்கொண்டே கருவிப் பெட்டியைத் தூக்குவார். விமானத்தின் கால்கள் வளைந்திருக்கின்றனவா என்று அவர்தானே பார்க்க வேண்டும். மூன்று மாதமாக இதே கதை.

ஜந்தீரா ஃபகுண்டெஸுக்கு நாற்பத்திரண்டு வயது. போர்த்தோ அலெக்ரேயில் பதினாறு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். விமான நிலையத்து வேலியை ஒட்டிப் போகும் தடம் அவளுடையது. ஒரு நாளைக்கு எட்டு நடை அந்த வேலியைப் பார்த்துப் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் போகாமல் சாவதில்லை என்று முடிவு செய்தாள். நுழைவுத் தேர்வு எழுதினாள், உதவித்தொகை கிடைத்தது, பல்கலைக்கழகத்தில் விமானம் ஓட்டும் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டாள். மாலையில் வகுப்பு. வாரத்தில் மூன்று காலை, ஊரை ஒட்டிய குவாய்பா நீர்ப்பரப்புக்கு அக்கரையில் இருக்கும் சின்ன விமானத் திடலில் பறக்கும் பயிற்சி. மீதி நேரமெல்லாம் பஸ். எப்போது தூங்குகிறாள் என்று கேட்டால், சிக்னலில் என்பாள்.

படிப்பில் அவளைக் குறை சொல்ல முடியாது. வானிலைப் பாடத்தில் வகுப்பிலேயே முதல். ரேடியோவில் பேசினால் கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் திருப்பிக் கேட்க வேண்டியதே இல்லை. பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல் அது. மேலே போய்விட்டால் விமானம் அவள் கையில் பசு மாதிரி நிற்கும். தரையிறங்கும் கடைசி நான்கு விநாடியில்தான் எல்லாம் பாழாய்ப் போகும்.

அந்த நான்கு விநாடிக்குள் ஒரு காரியம் செய்ய வேண்டும். தரை நெருங்கும்போது மூக்கை மெல்லத் தூக்கி, வேகத்தைச் சாகடித்து, சக்கரம் புல்லைத் தொடும் நேரத்தில் விமானத்துக்குப் பறக்கத் தெம்பில்லாமல் செய்துவிட வேண்டும். ஜந்தீரா அதை அழகாகச் செய்வாள். என்ன, தரைக்கு எட்டாத உயரத்திலேயே செய்துவிடுவாள். விமானம் காற்றிலேயே களைத்துப் போய், மூட்டை மாதிரி விழும்.

சும்மா விழுந்துகொண்டே இருக்கவும் முடியாது. பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. இருபத்தைந்து மணி நேரப் பறப்புக்குள் மாணவர் தனியாக விமானத்தை எடுத்துப் போய் இறக்கிக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் துறைக் குழு கூடும். குழு யாரையும் திட்டாது. ரொம்ப மரியாதையாக, 'விமான நிலைய நிர்வாகம் என்று நல்ல படிப்பு ஒன்று இருக்கிறது' என்று ஒரு தாளை நீட்டும். அதில் கையெழுத்துப் போட்டவர் அதற்குப் பிறகு விமானத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கலாம். அந்த வெள்ளிக்கிழமை காலை இறங்கியபோது ஜந்தீராவின் கணக்கில் இருபத்து நான்கு மணி ஐந்து நிமிடம் ஏறியிருந்தது. ஒரே ஒரு பாடம்தான் மிச்சம். இழுத்துப் பிடித்தால் ஒன்றரை.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெட்டினா ஸனாட்டாவுக்கு இருபத்து நான்கு வயது. திராட்சைத் தோட்டத்து மலைப் பக்கத்துப் பெண். அங்கே எல்லாரும் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசுவார்கள். பெட்டினாவின் கை சும்மா இருக்கும் ஒரே நேரம் விமானத்தில்தான். அன்று இறங்கி வந்ததும் இரண்டு பேரும் இறக்கைக்கு அடியில் நின்றார்கள்.

"இன்னும் தரை வரல, இன்னும் வரலன்னு கத்தறேன்ல அக்கா? அதுக்குள்ள எதுக்கு மூக்கத் தூக்கறீங்க?"

"வந்துடுச்சே டீச்சர். என் கண்ணால பாக்கறேன்."

"வரல."

"எனக்கு வந்துடுச்சு. உங்களுக்கு வரலன்னா நான் என்ன பண்ணட்டும்?"

"எனக்கு வரலன்னா பரவாயில்ல. விமானத்துக்கும் வரலியே."

ஜந்தீரா சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டினா பார்க்காத மாதிரி சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிவிட்டார்கள். கண்ணில் கோளாறு என்றார் ஒருவர். கண் டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பயம் என்றார் இன்னொருவர். நள்ளிரவுப் பஸ்ஸில் குடிகாரர்களைக் காலரைப் பிடித்து இறக்கிவிட்டவளுக்குப் பயமாம். கடைசியாக எல்லாரும் வந்து நிற்கும் இடம் வயசு. அதை முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலைத்தான் ஜந்தீராவால் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பகல் வண்டி. நகரத்து முனையத்தில் பஸ்ஸை எடுக்கப் போகும்போது பெட்டினா ஏறினாள். சீருடை இல்லாமல், கம்பளித் தொப்பியும் கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழமுமாக, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி இருந்தாள்.

"எங்க போகணும் டீச்சர்?"

"எங்கயும் இல்ல. நீங்க எங்க போறீங்களோ அங்க."

"லீவு நாள்ல பஸ்ல சுத்தறதுக்கு ஊர்ல வேற பொழுதுபோக்கே இல்லியா? ஒரு பையன் கூடவா சிக்கல?"

"பையன் அப்புறம். மொதல்ல நீங்க ஓட்டறதப் பாக்கணும்."

ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று நடை. பழத்தை உரித்து உரித்துத் தின்றாள். ஜந்தீரா ஒவ்வொரு நிறுத்தத்திலும் பன்னிரண்டு மீட்டர் வண்டியை நடைபாதை ஓரமாக விரற்கடை இடைவெளியில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு கிழவர் கைத்தடியைப் படியில் வைத்து அப்படியே நடைபாதைக்கு நடந்து போனார். இந்தக் கண்ணுக்கா குறை என்று பெட்டினாவுக்குக் கோபமே வந்துவிட்டது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் நடை முடிந்து முனையத்தில் வண்டி நின்றது. பயணிகள் எல்லாரும் இறங்கினார்கள்.

"அக்கா, ஒரு நிமிஷம் நான் அந்த சீட்ல உக்காரட்டுமா?"

"உக்காருங்க. எதையும் தொடாம உக்காருங்க. சாவி எங்கிட்டதான் இருக்கு."

பெட்டினா ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடி வழியாக முன்னால் இருந்த தார்த் தரையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள், கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். பிறகு இறங்கி ஓடிப் போய் நேரக் காப்பாளர் அறையில் அளவு நாடா இருக்கிறதா என்று கேட்டாள். அந்த மனிதர் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். ஜந்தீராவை ஓட்டும் இருக்கையில் உட்கார வைத்து, கண் இருக்கும் உயரத்துக்கு வெளியே தரையிலிருந்து நாடாவைப் பிடித்தாள். இரண்டு மீட்டர் நாற்பது.

"நம்ம செஸ்னா விமானத்துல உங்க கண்ணு ஒண்ணரை மீட்டர் உயரத்துல இருக்கும். கொஞ்சம் கூடுதலா வச்சுக்கலாம்."

"அதுக்கென்ன?"

பெட்டினாவின் இரண்டு கையும் காற்றில் பறக்க ஆரம்பித்துவிட்டன. "அதுக்கென்னவா? பதினாறு வருஷமா தரைன்னா உங்க கண்ணுக்கு இவ்ளோ கீழ. உங்க கண்ணு அத மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு. விமானத்துல அதே தூரம் தெரிஞ்சதும், வந்துட்டோம், நிறுத்துன்னு சொல்லுது. அப்ப சக்கரத்துக்குக் கீழ இன்னும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இருக்கு. அக்கா, நீங்க விமானத்தத் தப்பா இறக்கல. பஸ்ஸ சரியா இறக்கறீங்க."

ஜந்தீரா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பயம் இல்லை. வயசு இல்லை. இரண்டு முழம். வெறும் இரண்டு முழம்தான் இத்தனை நாள் அவளை அழவைத்தது. அவள் அம்மா இருந்திருந்தால் கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருப்பாள். ஜந்தீராவுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. அந்த நேரத்தில் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்வதற்குள் அடுத்த நடைக்கு ஆட்கள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள்.

"வியாழக்கிழமை பறக்கறோம்," என்றாள் பெட்டினா. "நாளையிலேர்ந்து அதுவரைக்கும் பஸ்ஸத் தொடக் கூடாது. லீவு போடுங்க. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குத் திடல்ல இருங்க."

திங்கள்கிழமை காலை புல்லெல்லாம் உறைபனி. பெட்டினா பழைய செஸ்னாவை ஓடுபாதை முனையில், யார் வழியிலும் இல்லாமல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். இன்ஜின் போடவில்லை. ஜந்தீராவை இடது இருக்கையில் ஏற்றி, பெல்ட் மாட்டி, "பாருங்க," என்றாள்.

"எத?"

"தரைய. இதான் தரை. நல்லாப் பாத்துக்கங்க."

பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மூட வேண்டும். திறந்து மறுபடி பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அதெமீர் வந்து வாலை இரண்டு கையாலும் அழுத்துவார். மூக்கு மேலே போகும். தரை தொடும் நேரத்தில் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். "பாத்தாச்சா? எனக்கு முதுகு வலிக்குது," என்று பின்னாலிருந்து கத்துவார். பெட்டினா வலது இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் இல்ல," என்று திருப்பிக் கத்துவாள். நகராத விமானத்தில் இரண்டு பெண்கள் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்ற மாணவர்கள், "அத்தை, அடுத்த ஸ்டாப் எது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "உங்கப்பன் வீடு," என்றாள் ஜந்தீரா, முகத்தைத் திருப்பாமல். அவளுக்குத் தரையைப் பார்க்கும் வேலை இருந்தது.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று காலையும் இதுதான். புதன்கிழமை பத்து மணிக்கு வெயில் வந்ததும் அதெமீர் பணிமனைச் சுவரோரம் உட்கார்ந்து சுரைக்குடுக்கையில் மாத்தே இலைத் தேநீர் ஊற்றினார். ஜந்தீராவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடுக்கை கை மாறியது.

"நாளைக்கு இறக்கிடுவியா?" என்றார் அதெமீர்.

"இறக்கிடுவேன்னுதான் நெனைக்கறேன்."

"இறக்கிடு. அந்தப் பொண்ணு உருக்வாயானா ட்ரிப்ப விட்டுக் குடுத்திருக்கு."

"என்ன ட்ரிப்?"

"ஓ, சொல்லலியா? எனக்கு வாய் சும்மா இருக்காது." ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "சீனியர் பையன் ஒருத்தனோட எல்லைக்குப் போயிட்டு வரணும். செவ்வாக்கிழம ஆறு மணி நேரம் பறந்திருக்கலாம். வேற ஆளுக்குக் குடுத்துட்டா. இந்த மூணு நாள்ல அவ பறந்த கணக்கு எழுதற புக்குல ஒரு நிமிஷம் ஏறல. நின்னுட்டிருக்கற விமானத்துக்கு யார் மணி நேரம் போடுவா? விமானக் கம்பெனில சேர அவளுக்கு இன்னும் எத்தனையோ மணி நேரம் வேணும். இந்தத் தொழில்ல மணி நேரத்தக் குடுக்கறதும் கிட்னியக் குடுக்கறதும் ஒண்ணுதான்."

ஜந்தீரா குடுக்கையை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். பெட்டினா அலுவலக வாசலில் வானிலைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அந்த ட்ரிப்ப ஏன் விட்டீங்க?"

"அதெமீர் நாக்கு ஓடுபாதைய விட நீளம்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

பெட்டினா தாளை மடித்தாள். "எல்லையப் பாத்துட்டு வந்து நான் என்ன பண்ணப் போறேன்? அது அங்கயேதான் இருக்கும். உங்களுக்கு வியாழக்கிழமைதான் இருக்கு. போய்த் தூங்குங்க."

அன்று ஜந்தீரா தூங்கினாள். அவளுக்கே ஆச்சரியம்.

வியாழக்கிழமை காற்று தெற்கிலிருந்து லேசாக அடித்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. முதல் சுற்றில் இரண்டு பேரும் போனார்கள். ஓடுபாதை நெருங்கியபோது ஜந்தீராவின் கண் பழையபடி, 'வந்துவிட்டது, தூக்கு' என்று சொன்னது. அவள் தூக்கவில்லை. கண்ணிடம், பொய் சொல்லாதே என்று சொன்னாள். இன்னும் கீழே. இன்னும் கொஞ்சம் கீழே. மூன்று காலை பார்த்த அந்தத் தரை முகத்துக்கு நேரே வந்தது. தூக்கினாள். சக்கரம் எப்போது தொட்டது என்று தெரியவில்லை. புல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

பெட்டினா நேரத்தைப் பார்த்துக்கொண்டாள். "இன்னொண்ணு," என்றாள். இன்னொன்றும் அப்படியே வந்தது. மூன்றாவதும். அப்போது கணக்கில் இருபத்து நான்கு மணி முப்பத்தைந்து நிமிடம்.

ஓடுபாதையை விட்டு ஓரமாக நிறுத்தச் சொல்லி, பெட்டினா தன் பெல்ட்டைக் கழற்றினாள். கதவைத் திறந்தாள். இன்ஜின் காற்றில் அவள் தலைமுடி எல்லாம் முகத்தில் அடித்தது.

"எங்க போறீங்க?"

"இறங்கறேன். ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. நான் இல்லாததுனால சீக்கிரம் மேல ஏறும், பயந்துடாதீங்க. நேத்து நான் தின்ன கேக்கோட எடையும் போயிடுதுல்ல."

காலியான இருக்கையின் பெல்ட்டை இழுத்துக் கட்டிவிட்டு, கதவைச் சாத்தி, இரண்டு தட்டுத் தட்டினாள். திரும்பிப் பார்க்காமல் கையில் ரேடியோவோடு புல்லில் நடந்து போனாள். இந்த நேரத்தில் சொல்லிக்கொடுப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம். பார்த்தால் மாணவர் முகத்தில் இருக்கும் பயம் தொற்றிக்கொள்ளுமாம்.

விமானம் சொன்ன மாதிரியே துள்ளி ஏறியது. வலது பக்கம் யாரும் இல்லை என்பதை ஜந்தீரா வலது காதில் உணர்ந்தாள். கத்துவதற்கு அங்கே ஆளில்லை. பதினாறு வருடத்தில் அவள் வண்டியில் ஒருவர்கூட இல்லாமல் இப்படி ஓட்டியதே இல்லை என்று தோன்றியது. கீழே குவாய்பா தகரம் மாதிரி பளபளத்தது. அதை ஆறு என்பதா ஏரி என்பதா என்று ஊரில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் அது எதுவாக இருந்தாலும் அழகு. நன்றாக இருக்கிறது, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னாள்.

திரும்பி இறங்கும்போது ஓடுபாதை நடுவில் இரண்டு கேரோ-கேரோ பறவைகள் நின்றன. அந்தப் பறவைகளுக்கு யாரைக் கண்டும் பயம் கிடையாது. புல்வெளி தங்கள் தாத்தா சொத்து என்று நினைப்பு. அவை நகரும் என்று ஒரு விநாடி பார்த்தாள். நகரவில்லை. ரேடியோ பேசவில்லை. பேசாது என்று அவளுக்குத் தெரியும். இது அவள் வண்டி. முழு வேகம் கொடுத்து, மூக்கைத் தூக்கி, மறுபடி மேலே போனாள். "பறவை. சுத்தி வர்றேன்," என்றாள் ரேடியோவில், அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற அதே குரலில்.

இரண்டாவது முறை ஓடுபாதை காலியாக இருந்தது. கண் ஒரு தடவை பொய் சொல்லிப் பார்த்தது. ஜந்தீரா கேட்கவில்லை. இன்னும் கீழே போய், அங்கே தூக்கினாள். பணிமனையில் அதெமீர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் வராததால் வெளியே ஓடி வந்து பார்த்தார். விமானம் ஏற்கனவே ஓடுபாதையில் உருண்டுகொண்டிருந்தது.

இன்ஜினை அணைத்து இறங்கியதும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் தடவை தனியாகப் பறந்து வந்தவரை யாரும் சும்மா விடுவதில்லை. இன்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை அதெமீர் இதற்கென்றே ஒரு வாளியில் சேர்த்து வைத்திருப்பார். கேலி செய்த அதே மாணவர்கள் அவளைப் புல்லில் மண்டியிட வைத்துத் தலையில் கவிழ்த்தார்கள். அதன் மேல் மாவு. கறுப்பாக, பிசுபிசுப்பாக, நாற்றமாக, தலையில் மாவு அப்பியபடி, கண்ணும் பல்லும் மட்டும் தெரிய ஜந்தீரா எழுந்து நின்றாள். சட்டென்று எல்லாரும் சிதறி ஓடினார்கள். எண்ணெய் குளித்தவர் கையில் சிக்கினால் துணி போச்சு. அந்த எண்ணெய் எந்தச் சோப்புக்கும் போகாது.

பெட்டினா மட்டும் ஜந்தீராவின் பறப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். எண்ணெய் சொட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு எழுதினாள். பதினேழு நிமிடம். விமானத்தின் பொறுப்பாளர் என்ற கட்டத்தில் ஜந்தீரா ஃபகுண்டெஸ் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். "இனிமே துறைக் குழு வேற யாரையாவது பாத்துக்கட்டும்," என்றாள்.

ஜந்தீரா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

"உங்க புக்குல இத எப்படி எழுதுவீங்க?"

"எழுத முடியாது அக்கா. நான் தரையிலதானே நின்னேன்."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே இல்ல. சொல்லிக்குடுக்கறவங்களுக்கு இந்த ஒரு ஃப்ளைட்டுக்கு மட்டும் மணி நேரம் கெடையாது."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மூன்று நடை, உறைபனியில் மூன்று காலை, விட்டுக்கொடுத்த ஆறு மணி நேரம். எதுவும் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. ஜந்தீரா முகத்தில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் வழித்துவிட்டாள். நன்றி என்று சொல்லப் பார்த்தாள். காலையில் எழுந்தால் எதிர்வீட்டுக்காரிக்கும் சொல்கிற சொல் அது, போதவில்லை. கையை விரித்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"ஐயோ, டீச்சர் சட்டை," என்றான் தள்ளி நின்ற மாணவன் ஒருவன்.

பெட்டினாவின் சீருடைச் சட்டை வெள்ளை. தோளில் பட்டை வைத்தது, அன்று காலைதான் தேய்த்தது. அவள் பறப்புப் புத்தகத்தை மட்டும் அதெமீரிடம் நீட்டிவிட்டு அந்த இடத்திலேயே நின்றாள்.

"ஓடலியாடீ நீ?" என்றாள் ஜந்தீரா. அவளை 'நீ' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லக்கா," என்றாள் பெட்டினா.

ஜந்தீரா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். கறுப்பு எண்ணெய் அந்த வெள்ளைச் சட்டையின் தோளில், முதுகில், கைகளில் எல்லாம் இறங்கியது. பெட்டினாவும் அவளைச் சுற்றிப் போட்ட கையை எடுக்கவில்லை.